கையிருப்பு

ஆடி மாதம் கூடலூரில்
பகல் என்று ஒன்று கிடையாது.
ஒன்பது மணிக்குக் கொஞ்சம் வெளுக்கும்,
பிறகு மஞ்சு இறங்கி
பஸ் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு போய்விடும்.
வெயில் பட்டால் எரிந்துபோகிற ஒருவன்
இந்த ஊரில்
ஒழுங்காக வேலைக்கே போய்வரலாம்.

நைட் டியூட்டியில்
ரத்தம் வைக்கிற ஃபிரிட்ஜின் உறுமலுக்குப் பக்கத்தில்
போனைச் சாய்த்துவைத்து
அந்த ஜப்பான் அனிமே பார்ப்பேன்.
கீழே தமிழில் எழுத்து ஓடும்,
யாரோ ஒரு பையன் போட்டது,
லகரம் ளகரம் எல்லாம் தப்பு.
ரத்தம் குடிக்கிறவனை அவன்
காட்டேரி என்றே எழுதியிருந்தான்.

பன்னிரண்டாவது எபிசோடில்
காட்டேரியிடம் ஒரு நோட்டு இருப்பது தெரியவரும்.
யாரிடம், எந்த இரவில், எத்தனை மடக்கு.
தச்சன் மகள்: மூன்று.
பால்காரர்: ஏழு. கொஞ்சம் அதிகம், மன்னிக்கவும்.
கூர்சீவிய கம்புகளோடு ஊர் வந்து
கதவை உடைக்கும்போது
அவன் ஓடவில்லை,
அன்றைய கணக்கை முடித்துக்கொண்டிருந்தான்.
வந்தவர்களில் ஒருவன் நோட்டைப் புரட்டி
தன் மனைவியின் பெயரை மட்டும் கிழித்து
சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வான்.
அதற்குமேல் அன்றைக்குப் பார்க்கவில்லை.
ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

மங்களேஸ்வரி, வயது இருபத்தாறு,
பாண்டியாறு, லைன் நம்பர் ஏழு.
பிள்ளை வந்துவிட்டது.
ரத்தம் நிற்கவில்லை.
ஓ நெகட்டிவ்.

ஒரே ஒரு பை இருந்தது.
நாலு டிகிரியில், கறுப்புத் திராட்சை நிறத்தில்,
மேலே என் கையெழுத்தில் ஒரு சீட்டு:
ரிசர்வ். கேட்காமல் எடுக்கக் கூடாது.
தலைவருடைய மைத்துனருக்கு
வியாழக்கிழமை கல் எடுக்க ஆபரேஷன்.
மேலேயிருந்து போன் வந்திருந்தது.
எந்த மேலே என்று நான் கேட்கவில்லை.

டாக்டரம்மா ஓடிவந்தார். 'ஸ்டாக்?'
ஃபிரிட்ஜைத் திறந்தேன். மூடினேன்.
அந்த இரண்டுக்கும் நடுவில் அடித்த குளிர்
இப்போதும் முழங்கைவரை இருக்கிறது.
'இல்லை மேடம்.'

ஊட்டிக்கு எழுதினார்கள்.
ஐம்பது கிலோமீட்டர், மழை.
நடுவட்டம் தாண்டியதும்
டிரைவர் சைரனை நிறுத்திவிட்டான்.

மைத்துனருக்குக் கல் தானாகவே விழுந்துவிட்டது.
வாழைத்தண்டுச் சாறு என்றார்கள்.
பையைக் கேட்டு யாரும் வரவில்லை.
சீட்டைக் கிழிக்கச் சொல்லவும் யாரும் இல்லை.

பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு
அவள் புருஷன் வந்தார்.
லைனில் பூசை போட்டார்களாம்.
கறுப்புக் கோழி, சுருட்டு, சாராயம்.
'ரத்தக் காட்டேரி அடிச்சிருச்சு சார்,
தீட்டு வாடைக்கு வந்திருக்கா.
நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்.'
என் கையைப் பிடித்துக்கொண்டார்.
விரலெல்லாம் கொழுந்துக் கறை,
மணிக்கட்டில் அட்டை கடித்த ஒரு புள்ளி
நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.
அட்டை வயிறு நிறைந்தால் விழுந்துவிடும்,
கடிவாய்தான் கொஞ்ச நேரம் அழும்.
பஞ்சு கொடுத்தேன்.
என் முதுகுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ்,
ஃபிரிட்ஜுக்குள் பை.

முப்பத்தைந்தாம் நாள் அதை எடுத்து
விதிப்படி மஞ்சள் கவரில் போட்டேன்.
ரெஜிஸ்டரில் எழுதினேன்:
ஓ நெகட்டிவ். ஒன்று. காலாவதி. அழிக்கப்பட்டது.
மன்னிக்கவும் என்று எழுத
அதில் கட்டம் இல்லை.

நேற்று ராத்திரி மஞ்சு
வராந்தா ஏறி லேப் வாசல்வரை வந்து நின்றது.
உள்ளே வரலாமா என்று கேட்காமல்
அவர்கள் வாசல் தாண்டமாட்டார்கள்,
அனிமேயில் அதுதான் விதி.
நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.
ஒரு கோழிக்காக
என் பழியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள்
உட்காரவில்லை.
காலி ஃபிரிட்ஜைப் பார்த்தாள்,
ரெஜிஸ்டரைப் பார்த்தாள்,
அவள் கண்ணில் கோபம்கூட இல்லை, ஏதோ அசிங்கத்தை மிதித்தது மாதிரி.

'நீ குடிக்கக்கூட இல்லையேடா'
என்றாள்.