இன்னும் ஓடும்

பெட்டியைப் பிரித்ததுமே தெரிந்திருக்க வேண்டும்.
கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.
வார்ப்பின் ஓரத்தில் விரலைக் கிழிக்கும் பிசிர்.
நான்கு கேஸ்கெட் வேண்டிய இடத்தில் மூன்று.
ஆனால் விலை என் கண்ணைப் பொத்தியிருந்தது:
நல்லதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கு.

கிரூனா சுரங்கத்தில் லாரிகளுக்கு
நான்தான் டர்போ மாற்றுகிறேன், பதினோரு வருடமாக.
கம்பெனிப் பணம் என்றால் ஒரு நட்டைக்கூடத்
திருப்பி அனுப்புவேன், மரை சரியில்லை என்று.
என் பணம் என்றதும்
என் அளவுகோல் ரப்பராகிவிட்டது.

பழைய வோல்வோ, நீள வண்டி, கரும்பச்சை,
பின்சீட் முழுக்க நாய் மயிர்.
அதற்குக் கொஞ்சம் கூடுதல் மூச்சு கொடுக்க நினைத்தேன்.
முதல் வாரம் பறந்தது, பொய் சொல்லவில்லை.
ஏரிக்கரைச் சாலையில் மூன்றாம் கியரில்
முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.
தனியாகச் சிரித்தேன்.

மூன்றாம் மாதம் காற்றுக் குழாயைக் கழற்றி
தண்டின் முனையைப் பிடித்து ஆட்டினேன்.
பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், எண்ணெய் ஏந்திக்கொள்ளும்.
இது முன்னும் பின்னுமாய் ஆடியது.
ஒரு தலைமுடி கனம்.
சரி, ஒன்றரை.
நிமிடத்துக்கு லட்சம் சுற்று சுற்றும் பொருளுக்கு
ஒன்றரைத் தலைமுடி ஒரு பள்ளத்தாக்கு.

ஆறு இரவு ஷிப்ட் கூடுதலாய்ச் செய்து
நல்லதை வாங்கினேன்.
பெட்டியே கனத்தது. பிசிர் இல்லை. கேஸ்கெட் நான்கு.
இதுவரை இது புத்தி வந்தவளின் கதை.
இங்கேயே நிறுத்திவிடத்தான் ஆசை.

கழற்றிய பழையது
அட்டைப்பெட்டியில் கதவோரம் கிடந்தது.
அஸ்லாக் வந்தான், பேக்கரி வேனை நிறுத்திவிட்டு,
சட்டையில் ஏலக்காய் ரொட்டி வாசனையோடு.
அவனிடமும் அதே வண்டி, அதே வயது.
"இதுக்கு என்ன?"
"மாத்திட்டேன்."
"கெட்டுப்போச்சா?"
"இன்னும் ஓடும்," என்றேன்.

இரண்டு வார்த்தை. எண்ணூறு க்ரோனர்.
தலைமுடியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
பகல் என்பது நீலமாய் வந்து
நின்று பார்த்துவிட்டுப் போகிற நாட்கள்.
ஸ்வாப்பவாராவுக்கு இந்தப் பக்கம்
அது ஓடவில்லை.
முதலில் புகை. பிறகு
மிக்சிக்குள் ஸ்பூன் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.
பின்சீட்டில் மகள் ரிஸ்டின், ஏழு வயது,
ஹாக்கி பயிற்சிக்குப் போகும் உடையில்.
நாற்பது நிமிடம், ஒரு மரலாரி நிற்கும்வரை.
தன் கையுறை இரண்டையும் அப்பாவின் காதில்
பொத்திக்கொண்டிருந்தாளாம்.

கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.
காபி மேசைமேல் ஒரு துணியைப் பிரித்தான்.
டர்போவின் சக்கரம். பன்னிரண்டு இதழில் நான்கைக் காணோம்.
"மீதி எங்க போச்சுன்னே தெரியல," என்றான்.
எனக்குத் தெரியும்.
இன்டர்கூலருக்குள். அதையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

நான் மிச்சம் பிடித்த பணத்தை
ஒரு குழந்தையின் கையுறை கட்டியிருக்கிறது.
எந்த ரசீதிலும் அது ஏறாது.

சனிக்கிழமை என் வண்டியிலிருந்து
நல்லதைக் கழற்றினேன்.
குழாய் வாயில் துணி அடைத்து
என் வோல்வோவைப் பனிக்கு விட்டேன்.
அவன் வண்டிக்குப் புது கேஸ்கெட், புது எண்ணெய்க் குழாய்,
புது எண்ணெய், புது பில்டர்.
ஒவ்வொரு போல்ட்டும் டார்க் ரெஞ்ச் சொடுக்கும்வரை.
அஸ்லாக் விளக்கு பிடித்தான். அதிகம் பேசவில்லை.

காற்றுக் குழாயை மாட்டும் முன் கேட்டான்:
"இது ஓடுமா?"

அந்த வார்த்தையை நான் தொடவில்லை.
அவன் கையை இழுத்து
தண்டின் முனையில் வைத்தேன்.
"ஆட்டிப் பார்."

முன்னும் பின்னும்.
அசையவில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு
இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தான்.
நான் காத்திருந்தேன்.