ஒற்றைச் செங்கல்

நாலாவது தீர்மானம் சுவரைப் பற்றியது.
ஜோடி வீட்டுக்கு நடுவே எழும்புவது
ஒற்றைச் செங்கலா, இரட்டையா.

சாட்ஸ்வர்த், கோயில் மண்டபம்,
மடக்கு நாற்காலிகள் பதினொன்று.
மாதம் இருபது ராண்ட் சந்தா,
வெள்ளிக்கிழமை சமோசா விற்ற காசு,
எப்போதோ மனமிரங்கிய ஒரு சர்க்கரைக் கம்பெனி:
எல்லாம் கூட்டிய கணக்கு என் மடியில்.
ஒற்றை என்றால் இருபத்து நாலு வீடு.
இரட்டை என்றால் இருபத்திரண்டு.
பட்டியலில் பெயர் முந்நூற்றுப் பதினேழு.

பொருளாளர் மூட்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒண்ட இடமில்லாதவனுக்குச்
சத்தம் போகாத சுவர் எதற்கு?"

நான் ஒற்றைச் செங்கலில் வளர்ந்தவள்.
கடலோரத்திலிருந்து எங்கள் ஆட்களை அள்ளிவந்து
இந்தச் சரிவில் கொட்டியபோது
நகராட்சி கட்டித்தந்த ஜோடி வீடு.
அந்தப் பக்கத்து ரெங்கன் வீட்டுக் குக்கர்
எத்தனை விசில் என்று அம்மா எண்ணுவாள்.
அவர் அடிக்கும்போது
எங்கள் காலண்டர் ஆணியில் ஆடும்.
அந்த அம்மாள் அழுதது மட்டும்
ஒரு நாளும் கேட்கவில்லை.
தலையணையைக் கடித்திருக்க வேண்டும்.
காலையில் வேலியோரம் கறிவேப்பிலை கேட்பாள்.
ஒரு கொத்து கூடவே ஒடித்துக் கொடுப்போம்.
அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லவில்லை.
தீ பரவாது என்றேன்.
ஈரம் ஏறாது என்றேன்.
பிள்ளைகள் படிக்கலாம் என்றேன்.
கை தூக்கச் சொன்னார்கள்.
ஆறுக்கு ஐந்து.
ஆறாவது கை என்னுடையது.

ஜனவரியிலேயே சீட்டுக் குலுக்கி
வரிசை எழுதியாயிற்று.
இருபத்து மூன்றும் இருபத்து நாலும்
இனி கோட்டுக்குக் கீழே.
கோடு போட்டவளே சொல்லவும் வேண்டும்
என்பது எங்கள் சங்க வழக்கம்.

இருபத்து நாலு, போனை எடுக்கவே இல்லை.
இருபத்து மூன்று, தோக்கோசிலே,
ஆற்றங்கரைத் தகரக் கொட்டகை,
இரண்டு பெண் பிள்ளைகள்.
ஜூலுவில் பாதி, ஆங்கிலத்தில் பாதி
சொல்லி முடித்தேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு கேட்டாள்,
"சுவருக்காகவா?"
ஆமாம்.
"மழை பிடித்தால் என் மகள்
பக்கத்தில் நின்று பாடுவது எனக்கே கேட்காது.
தகரம் அப்படி.
சரி, நல்ல சுவராகக் கட்டுங்கள்."

நல்ல சுவராகத்தான் கட்டினோம்.
சாந்து காயும்வரை தினமும் போய்
தண்ணீர் அடித்துவிட்டு வந்தேன்,
அது மேஸ்திரியின் வேலை என்றாலும்.
சாவி கொடுத்த அன்று
கவுன்சிலர் முக்கால் மணி நேரம் பேசினார்.
பயறு போட்ட பிரியாணி பொட்டலம் பொட்டலமாக.
ஒன்பதாம் எண்ணில் வெலோஷினியின் கைக்குழந்தை
வெறும் தரையில் கிடந்து வீறிட்டது.
எட்டாம் எண்ணுக்குப் போய்
கதவைச் சாத்தி
சுவரில் காதை வைத்தேன்.

ஒன்றுமில்லை.
செங்கலின் குளிர்ச்சி மட்டும்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த மறு நொடி
அந்தக் காலண்டர் ஞாபகம் வந்தது.
இந்தச் சுவரில் ஆணி அடித்து
எதை மாட்டினாலும் ஆடாது.
அந்தப் பக்கம் யார், யாரை,
என்ன செய்தாலும் ஆடாது.
காதை எடுக்காமல்
இன்னும் கொஞ்சம் நின்றேன்.

கீழ்ச்சரிவு நிலம் கேட்டு எழுதிய கடிதம்
எட்டு மாதமாக நகராட்சி மேசையில்.
வந்தால் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.
செவ்வாய்தோறும் கூப்பிடுகிறாள்.
நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
சுவர் எப்படி இருக்கிறது என்கிறாள்.
நன்றாக இருக்கிறது
என்கிறேன்.