அசல்

வானிலை அறிக்கையை நான் கேட்பதில்லை.
வேளச்சேரி மேம்பாலத்தைப் பார்ப்பேன்.
கார்கள் ஏறி ஓரமாக நிற்கத் தொடங்கினால்
இரண்டு நாளில் தண்ணீர்.
என் ஜெராக்ஸ் மிஷின் மேம்பாலம் ஏறாது.
நூற்றுப் பத்துக் கிலோ,
இன்னும் பதினேழு தவணை.

ஆகவே அதற்கு ஹாலோ பிளாக்.
போன தடவை இரண்டு அடுக்கு வைத்தேன்,
தண்ணீர் மூன்றாவது வரை வந்தது.
இந்தத் தடவை நான்கு.
பேட்டரிக் கடை ஹயாத் பாஷா ஒரு பக்கம்,
பேக்கரியில் மாவு பிசையும் பீகார் பையன்கள் மறுபக்கம்,
"அலுங்காம, அலுங்காம" என்று நடுவில் நான்.
நிறைமாதக்காரியைப் போல ஏற்றி வைத்தோம்.

பேப்பர் ரீம்கள் பரணுக்கு.
ஹார்ட் டிஸ்க் இட்லி மாவு கவருக்குள்,
கவர் என் ஹேண்ட்பேக்குக்குள்.
ஷட்டர் அடியில் மணல் மூட்டை பதினாறு.
முந்தாநாள் நாற்பது ரூபாய், இன்றைக்கு அறுபது.
"மழை வருதில்லக்கா" என்றான் விற்பவன்.
எல்லோருக்கும் அதே மழைதான்,
அவனுக்கு மட்டும் சீசன்.

கடைசியாக அந்த பிஸ்கட் டின்.
நகல் எடுக்க வருகிறவர்கள்
நகலை எண்ணி வாங்குவார்கள்,
சில்லறையைச் சரிபார்ப்பார்கள்,
அசலைக் கண்ணாடி மேலேயே விட்டுப் போவார்கள்.
மூடியைத் திறந்தால் குப்புறக் கிடக்கும்
யாருடைய பத்தாம் வகுப்போ,
யாருடைய அப்பா இறந்த சான்றிதழோ.
ஆறு வருடத்தில் நாற்பத்து மூன்று.
மிஷினுக்கு இன்சூரன்ஸ் உண்டு.
டின்னுக்கு நான்தான்.

மடிப்பாக்கத்தில் தங்கை வீட்டு இரண்டாம் மாடியில்
அதை மடியில் வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி.
கடைக்காரர்கள் குழுவில் பாஷா ஒரு குரல்செய்தி அனுப்பினார்.
பதினோரு விநாடி.
பேச்சே இல்லை, தண்ணீர்ச் சத்தம்.

நான்காம் நாள் ஷட்டரைத் தூக்கினேன்.
சுவரில் கோடு
ஐந்தாவது அடுக்கின் உயரத்தில்.
நாம் எத்தனை கல் வாங்கினோம் என்று
மழைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.
பேக்கரிப் பரணில் விட்டுப்போன மாவு மட்டும்
புளித்துப் பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது.
அந்த வாரம் எங்கள் தெருவில் வளர்ந்தது அது ஒன்றுதான்.

தண்டல் வசூலிக்கும் பெருமாள்சாமி
பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்தார்.
உள்ளே பார்த்தார். நோட்டைத் திறக்கவில்லை.
"நாளைக்கு வர்றேன்மா."
எனக்குக் கிடைத்த முதல் நிவாரணம் அது.

இன்சூரன்ஸ் சர்வேயர்
மிஷின் பில்லில் இரண்டு நகல் கேட்டார்.
நான் மிஷினைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
கலங்கிய டோனர் தரையெங்கும் கறுப்பு.
வாசல் வரைக்கும் அவர் ஷூ
நகல் நகலாக விழுந்துகொண்டே போயிற்று.

தரமணியிலிருந்து பழைய மிஷின் ஒன்று வாடகைக்குப் பிடித்தேன்.
பிறகு கூட்டம். சொல்ல வெட்கமாக இருக்கிறது,
தீபாவளிக்குக்கூட இப்படிக் கூட்டம் வந்ததில்லை.
ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக்,
நிவாரண மனுவோடு இணைக்க வேண்டியதெல்லாம்.
"பக்கத்துக்கு மூணு ரூபா வை, யாரும் கேக்க மாட்டாங்க"
என்றார் பாஷா.
மணல் மூட்டைக்காரனை நினைத்தேன். இரண்டே வாங்கினேன்.
ஒரு சாயங்காலம், தவணை மெசேஜ் வந்தபோது,
இரண்டரை வாங்கலாமா என்றும் யோசித்தேன்.

வரிசையில் குணவதி என்று ஒரு பெண்.
பிளாஸ்டிக் பைக்குள் கூழாய் ஒரு காகிதம்.
"மக டி.சி.ம்மா. எழுத்து தெரியுமா பாருங்க."
தெரியவில்லை. மகள் பெயரைக் கேட்டேன்.
மார்க் ஷீட் இருந்தது டின்னில்,
ஒரு ஜூன் மாதம் கண்ணாடியில் மறந்து போனது,
மொறமொறவென்று.

அவள் அதை உடனே தொடவில்லை.
கையைச் சேலையில் துடைத்தாள்.
மறுபடி துடைத்தாள்.
"இதுக்கு எவ்ளோ?"
அசலுக்கு விலை என் பலகையில் இல்லை.
"ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கங்க" என்றேன்,
எடுத்தேன், நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு
கூட்டத்தில் நழுவிப் போனாள்.

அடுத்த ஆள் ஆதாரை நீட்டினார்.
மூடியைத் திறந்தேன்.
குப்புறக் கிடந்தது.

வரிசையை அப்படியே விட்டுவிட்டு
சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்து
ஓடினேன், "குணவதி, ஏய் குணவதி" என்று,
காகிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி.
தூறல் போட ஆரம்பித்திருந்தது.