கணியம்

இரவு ஒன்றேகாலுக்கு ஃப்ரீசர் அலறியது.
கைபேசியில் சிவப்பு எழுத்து: மைனஸ் அறுபத்தொன்று.
எண்பதில் இருக்க வேண்டியது.
வடசேரியிலிருந்து ஆசாரிபள்ளம் வரை
சாரலில் ஸ்கூட்டர்.
எனக்கு முன்பே வந்து ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்
ரசல்ராஜ்.
"பயராதீங்க மேடம், இப்ப புடிச்சிரும்."

உள்ளே நாற்பத்துமூன்று பேர்.
பேர் என்று சொல்லக்கூடாது. மாதிரிகள்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், வயது, ஆணா பெண்ணா,
மூச்சு நின்று எத்தனை மணி நேரத்தில்
எங்கள் மேசைக்கு வந்தது.

முப்பத்தேழு வந்த அன்று
எங்கள் ஐஸ் இயந்திரம் படுத்துக்கிடந்தது.
குளச்சலில் ஐஸ் உடைத்து வாங்கி
மீன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார் டிரைவர்.
பெட்டிமேல் ஒட்டியிருந்த செதில் ஒன்று
என் கையுறைக்கு வந்தது.
எடை ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
இருக்க வேண்டியதில் இருநூறுக்கும் மேல் குறைவு.
குறைந்தது எங்கே போனது என்று
நாங்கள் யாரும் கேட்கவில்லை. தராசைத் துடைத்தோம்.

வலப்பாதி உறைநிலைக்கு. இடப்பாதி ஃபார்மலினுக்கு.
வாரங்கள் கழித்து மெழுகில் பதித்துச் சீவினேன்,
ஐந்து மைக்ரான் கனம்.
வெந்நீர்த் தொட்டியில் மிதக்கும் அந்த நாடாவைத்
தூரிகையால் ஏந்தும்போது மூச்சு விடமாட்டேன்.
தும்மினால் ஓர் ஆளின் கொஞ்சம் போச்சு.
கடற்குதிரைபோல் சுருண்ட பகுதி:
வழி, இடம், இன்று காலை என்ன சாப்பிட்டேன்.
வெள்ளிச்சாயம் ஏறியதும்
கருந்தீயாய் எழுந்தன முடிச்சுகள்.
எண்ணினேன். எண்ணுவதுதான் வேலை.

பிறகு ஒரு நாள் போன்.

"நீங்களாக்கும் மூளைய வச்சிருக்கிய?
நான் முட்டத்துலேருந்து சிசிலியம்மாள்.
அவரு ஒரு பார் கண்டு வச்சிருந்தாரு மக்களே.
ஒத்தைக்குப் போவாரு, பெட்டி நெறைய கலவா.
மவனுவகிட்ட சொல்லல்ல.
சொல்ல நெனச்சப்ப நெனவு இல்ல.
கக்கூசுக்கு வழி தெரியாது, ஆனா ஒறக்கத்துல சொல்லுவாரு,
கோவில் குருசு மலை மூக்குல கேறும்போ...
அம்புட்டுதான். பொறவு வாய மூடிருவாரு.
ஒரு பாருக்கு ரெண்டு கணியம் வேணும்லா.
மத்தத நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லணும்."

அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியக்கூடாது.
தெரிந்துவிட்டது.
"அப்படி வாசிக்க முடியாதும்மா" என்றேன்.
"அதுக்குள்ள மிசின் இன்னும் வரல்லியா?"
"வரலை."
"வந்தா சொல்லுங்க. அவசரமில்ல."

அன்று மாலை எல்லோரும் போனபின்
பதினான்காம் ஸ்லைடை மறுபடி ஏற்றினேன்.
எந்த நெறிமுறையும் கேட்கவில்லை.
ஓரத்தில், முடிச்சு விழாத செல்கள் கொஞ்சம்,
கூம்பு கூம்பாக, முழுசாக.
பதினொன்று.
பதினொன்றும் எதற்காக மிச்சமிருந்தன என்று எழுத
அறிக்கையில் கட்டம் கிடையாது.
ஆறாம் நிலை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முட்டம் போனேன்,
காற்று வாங்க என்று வீட்டில் சொல்லிவிட்டு.
கோவில் தெரிந்தது. மலை தெரிந்தது.
நான் நகர நகர இரண்டும் நகர்ந்தன,
ஒன்றின்மேல் ஒன்று ஏறவே இல்லை.
கணியம் கடலிலிருந்து கரையைப் பார்ப்பவனுக்கு.
நான் நின்றது கரையில், செருப்புக்குள் மணலோடு.
கடலை வாங்கித் தின்றுவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.
மைனஸ் அறுபத்தைந்து. எழுபது.
கதவைத் திறக்கக்கூடாது, உள்ளே இருக்கும் குளிரும் போய்விடும்.
ரசல்ராஜ் கட்டஞ்சாயா வாங்க
ஆஸ்பத்திரி வாசலுக்குப் போயிருக்கிறான்.
நனைந்த துப்பட்டாவோடு
எண் மாறுவதைப் பார்த்து நிற்கிறேன்.
எழுபத்தாறு.
எழுபத்தெட்டு.
அங்கேயே நிற்கிறது.