ஊசி அசையவில்லை

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில்
இம்தியாஸ் பாய் மேசைமேல் வைத்தார்
ஒரு பழைய புல்லியை.
நடுக்குடம் தனி, வெளி வளையம் தனி,
இடையில் விரல் தடிமனுக்கு ரப்பர்,
ஏரிக்கரைச் சேறு மாதிரி பாளம் பாளமாக வெடித்து.

ஜிப்ஸியின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு
ஒசூர் ரோட்டில் நசுங்கிய டாக்ஸியின் டீசலை ஏற்றியிருந்தார்.
மவுண்ட் வெல்டிங் ஆச்சு, கியர்பாக்ஸ் சேர்ந்தாச்சு,
பாக்கி இது ஒண்ணுதான்.
"புதுசு ஒன்பதாயிரம் கேக்கறான்.
ரப்பர் கிப்பர் எதுக்கு, பெல்ட்தானே சுத்தணும்?
ஒரே கட்டியா கடைஞ்சு கொடு ஏகாம்பரம்."

கடைந்தேன்.
எட்டுக் கிலோ உருட்டு, மூன்று கிலோவாகும் வரை.
காலடியில் நீலச் சுருள்கள், பூட்ஸுக்குள்ளும் ஒன்று.
ஆறு பள்ளம், ஒரு சாவிக்காடி.
டயல் கேஜை வைத்துச் சுழற்றினேன்,
ஊசி அசையவில்லை.
அன்று ராத்திரி ஊசி அசையாததை
மல்லிகாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.
ரசம் ஊற்றட்டுமா என்றாள்.

ஆயிரத்து எண்ணூறு சுற்றில் கண்ணாடி நடுங்குது, என்று போன்.
மவுண்ட்டைப் பாருங்க, என்றேன். மாற்றினார்.
இரண்டாயிரத்து நானூறில் காலடித் தகடு முனகுது.
சைலன்சர் கிளாம்பைப் பாருங்க.
என் புல்லியைப் பாருங்க என்று சொல்லத் தோன்றவில்லை.
அதைத்தான் நான் பார்த்துவிட்டேனே.

நாற்பத்தொன்றாம் நாள், நெலமங்கலா டோல் தாண்டி
டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதானாம்.
உருதுப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார்
முறிந்த கிராங்கின் மூக்கை.
அதில் என் புல்லி, இன்னும் இறுக்கமாக, பளபளப்பாக.

முறிந்த முகத்தை டியூப்லைட்டுக்குக் காட்டினேன்.
முக்கால் பாகம் வழவழப்பு,
கிளிஞ்சலில் இருப்பதுபோல் வரி வரியாக.
ஒரு வரி மார்க்கெட் போனது, ஒரு வரி மகளைக் காலேஜில் விட்டது.
மிச்சம் கால் பாகம் கற்கண்டை உடைத்த மாதிரி.
அது மட்டும்தான் டோலைத் தாண்டி நடந்தது.

டீசலில் ஒவ்வொரு வெடியும் சம்மட்டி அடி.
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று
வாங்க வாங்கத் தண்டு முறுக்கும், நிமிரும்,
கண்ணுக்குத் தெரியாமல்.
இரும்பு முறுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.
லேத்தில் முறுக்கினால் அது வேஸ்ட்.
அந்த வெளி வளையமோ ரப்பரைப் பிடித்துக்கொண்டு
ஒரு மயிரிழை பிந்தியே சுற்றியிருக்கிறது,
தண்டு முன்னே துள்ளினால் பின்னே இழுத்து,
பின்னே சாய்ந்தால் முன்னே தள்ளி,
சூட்டையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு.
வெடித்துக் கிடந்ததே, அது அந்தச் சூட்டில்தான்.

பாய் திட்டுவார் என்று காத்திருந்தேன்.
"கடைசல் சரியாத்தானே இருந்துச்சு?"
"சரியா இருந்துச்சு."
"அப்ப என்ன?"
டீக்கடைப் பையன் கிளாஸ் எடுக்க வரும்வரை
இருவரும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
புது கிராங்குக்குப் பாதி நான் கொடுத்தேன்.
மல்லிகாவிடம் அதை ஒரு தடவைதான் சொன்னேன்.

பழைய புல்லியை ஸ்கிராப் டப்பாவில் துழாவி எடுத்து
பில்களின்மேல் வைத்திருக்கிறேன்.
தலைக்கு மேலே மெட்ரோ போனால் மேசை அதிரும்,
ஸ்பேனர்கள் பேசும், அது சும்மா இருக்கும்.

போன வாரம் ஒரு பையன், தோளில் லேப்டாப் பை,
காகிதத்தில் அளவு போட்டுக்கொண்டு வந்தான்.
டீசல் மாற்றிப் போட்ட கார். ஒரே கட்டியாக வேண்டும், லேசாக.
ரப்பர் எங்கே என்றேன்.
எதுக்கு ரப்பர், என்றான்.
ஒன்பதாயிரம் கொடுத்துப் புதுசு வாங்கு தம்பி, என்றேன்.
என்னைப் பார்த்தான், என் லேத்தைப் பார்த்தான்,
அடுத்த ஷெட்டுக்குப் போனான்.

சாயங்காலம் வரை அங்கே கடைசல் ஓடியது.
நல்ல கை, சத்தத்திலேயே தெரிந்தது.
அங்கேயும் ஊசி அசைந்திருக்காது.