டீசல் பேசிய பேச்சு

பதினெட்டு வருஷம், கரூரில்
பஸ்ஸுக்கு உள்வேலை.
சீட்டுக்கால், கைப்பிடிக் கம்பி, ஜன்னல் ரப்பர்.
ஆடுது என்று ஒருத்தர் சொன்னதில்லை.

முதல் மின்சார வண்டியை
வெங்கமேடு பாலத்தில் ஏற்றி இறக்கினோம்.
இன்ஜின் வாயே திறக்கவில்லை.
அப்போது கேட்டது
ஏழாம் சீட்டின் அடியில் ஒரு கிரீச்,
பின்படியில் கடகட,
கூரைத் தகட்டுக்குள்
யாரோ சோழி உருட்டுகிற மாதிரி.

"ஏனுங்க, இதெல்லாம் புதுசுங்களா?"
சோதிக்க வந்த மஞ்சரி கேட்டாள்.
ஆமாங்க என்று வாய் வரைக்கும் வந்தது.

பழசுதான்.
என் கைதான்.
இத்தனை நாள்
டீசல் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தது.

ராத்திரி சென்னியப்பன் ஓட்ட
நடைவழியில் குப்புறப் படுத்து
தரையில் காது வைத்தேன்.
பள்ளம் பார்த்து விடுப்பா, பள்ளத்திலேயே விடு.
நூற்றுப் பதினொரு ரப்பர் வாஷர்.
விடியும்போது வண்டி
கிணற்றுத் தண்ணி மாதிரி கிடந்தது.

திங்கட்கிழமை கோயமுத்தூர் போகிறது.
காந்திபுரத்தில் ஏறி
ஜன்னலோரம் ஒருத்தி
போனில் மெதுவாக அழுதால்
கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்.

அதற்கு என்னிடம்
வாஷர் இல்லை.