பெயர் நீக்கம்

உம்லாங்காவில் பன்னிரண்டாம் மாடி.
கண்ணாடிக்கு வெளியே கடல்.
அன்று எனக்கு ஒரே வேலை:
மருத்துவக் காப்பீட்டுக் கோப்பில்
பெயர் என்ற பத்தியை அழிப்பது.
மூன்று லட்சம் பேர்.
ஒரே விசை. காபி ஆறுவதற்குள் முடிந்தது.

‘இனி யாரையும் அடையாளம் காண இயலாது’
என்ற வாக்கியத்தின் கீழ்
கையெழுத்தும் என்னுடையதுதான்.
கோப்பை விற்றார்கள்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
விலை மட்டும் காதில் விழுந்தது.

சரிபார்க்க ஒரு வரியைத் திறந்தேன்,
வெறும் ஒரு வரி.
பெண். பிறந்தது எழுபத்தாறு,
பிப்ரவரி இருபத்தொன்பது.
அஞ்சல் எண் டொங்காட்.
கரும்புக்குத் தீ வைக்கும் மாதங்களில்
மூச்சுக்கு இழுக்கும் மருந்து, இரண்டிரண்டாக.
இரட்டைப் பிரசவம்,
வீடு திரும்பியது ஒன்று.
பிறகு மாதத்தின் முதல் வெள்ளி தோறும்
ஒரு மாத்திரைப் புட்டி.
பக்கத்துத் தெருக் கடையில் இல்லை,
நாற்பது கிலோமீட்டர் தள்ளி
முகம் தெரியாத டர்பன் கடையில்.
ஒன்பது வருடம். ஒரு வெள்ளி தவறவில்லை.

நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்தப் பிறந்தநாளுக்கு
தெருவே கூடிக் கேக் வெட்டியிருக்கிறோம்.
‘உனக்கு இப்பத்தான் பன்னிரண்டு’ என்று
கிண்டலடித்தவன் நான்.

மாத்திரை எதற்கென்று இங்கே சொல்லமாட்டேன்.
புருஷனிடமே அவள்
சொல்லியிருப்பாளா, தெரியாது.

மேலாளர் கூபேந்திரனிடம் ஓடினேன்.
‘பேர் எங்கே இருக்கு, காட்டு’ என்றார்.
திரையை மேலும் கீழும் உருட்டினேன்.
பேர் எங்கேயும் இல்லை.
அவள்தான் இருந்தாள், வரி முழுக்க.

சனிக்கிழமை சந்தையில் எதிரே வந்தாள்,
பையில் மண் உதிராத மடும்பிக் கிழங்கு.
‘எப்படி இருக்கே?’ என்றாள்.
நன்றாக இருக்கிறேன் என்றேன்.
திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.
தெரிந்துவிட்ட பதிலை
எந்த முகத்தோடு கேட்பது?
கிழங்கின் விலையைக் கேட்டேன்.

இந்தக் கவிதையிலும் அவள் பெயர் இல்லை,
கவனித்திருப்பீர்கள்.
ஊரை மாற்றிவிட்டேன், பிறந்தநாளையும்.
இனி யாரையும் அடையாளம் காண இயலாது.

டொங்காட்டிலிருந்து படிப்பவர்கள் மட்டும்,
தயவுசெய்து,
இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.